புத்தகம் தேடித் தரும் படிப்பு



நூலகத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நாம் கேட்கும் புத்தகத்தை எடுத்துத் தருகிறார். இதற்கு ஒரு படிப்பா என்று பலர் கேட்பது உண்டு.

எஸ்.ஆர். ரங்கநாதன் என்று ஒரு கணக்கு ஆசிரியர் இருந்தார். 1892இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. சில நாளிலேயே பழைய வேலையைத் திரும்பக் கேட்டார். முதலில் லண்டன் போய் நூலகப் படிப்பைப் படித்து வரட்டும், பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

லண்டனில் அவர் பல நூலகங்களைப் பார்த்தார். குழந்தைகள் வந்தார்கள். தொழிலாளர்கள் வந்தார்கள். அவர் மனம் மாறியது. 1925இல் திரும்பியவர் கடைசிவரை நூலகத்தை விடவில்லை.

சரி, இதில் படிக்க என்ன இருக்கிறது? நெல்லுக்கு வரும் நோய் பற்றி ஒரு புத்தகம். அதை நெல் பக்கம் வைப்பதா, நோய் பக்கம் வைப்பதா? மாற்றி வைத்தால், ஆயிரம் புத்தகத்துக்கு நடுவே அது தொலைந்த மாதிரிதான். ரங்கநாதன் ஒரு வழி கண்டார். பயிருக்கு ஒரு குறி, நோய்க்கு ஒரு குறி. நடுவில் மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள். லண்டன் கடையில் பார்த்த ஒரு விளையாட்டுச் சாமான்தான் இந்த யோசனையைத் தந்ததாம். துண்டுகளை முடுக்கி விதவிதமான பொம்மை செய்யும் சாமான் அது! 1933இல் இந்த முறை நூலாக வந்தது.

1929இல் சென்னையில் நூலகப் பயிற்சி தொடங்கியது. 1931இல் பல்கலைக்கழகமே அதை ஏற்றது. இன்று நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு உண்டு. ஏதாவது ஒரு பட்டம் பெற்றவர் மேலும் ஓராண்டு படித்து நூலகப் பட்டம் பெறலாம். தபால் வழியிலும் படிக்கலாம். புத்தகங்களை வகை பிரிப்பது, பட்டியல் போடுவது, கணிப்பொறியில் தகவல் தேடுவது எல்லாம் அதில் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. வாசகர் கேட்பதைப் புரிந்துகொள்வது. புதிதாக எழுத்துக் கற்ற ஒரு பெண் வருகிறார். கூச்சம். "ஆடு பற்றி ஏதாவது..." என்கிறார். படித்த நூலகர் அலமாரியைக் கைகாட்டிவிட்டு உட்கார மாட்டார். "ஆட்டுக்கு என்னம்மா? தீனியா, நோயா?" என்று கேட்பார். பெரிய எழுத்தில் உள்ள புத்தகமாகப் பார்த்து எடுப்பார். அந்த அம்மா மறுபடி வருவது அதைப் பொறுத்துத்தான்.