பல்லா, பலவா?

கண்ணாடிபோல முகத்தில் அணியும் திரைகள் இப்போது சிங்கப்பூரில் கிடைக்கின்றன. பரணில் கிடக்கும் பழைய கணினியை அதில் இணைத்துப் பார்க்கச் சிலருக்கு ஆசை. பெரிய பெட்டித் திரைக்கு இடமில்லாத அடுக்குமாடி வீட்டில் இது நியாயமான ஆசைதான்.

தமிழர் வீடுகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன் பல தமிழ் மென்பொருள்கள் தமக்கெனக் குறியீட்டு முறைகளை வைத்திருந்தன. மலேசியாவின் முத்து நெடுமாறன், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி போன்றோர் கணினியில் தமிழுக்கு வழி தேடிய காலம் அது. அன்று தட்டச்சு செய்த கடிதத்தையோ கட்டுரையையோ புதிய கணினியில் திறந்தால் பெரும்பாலும் குப்பை எழுத்துகளே வரும். பழைய இயந்திரத்தில் படித்துப் பெயர்த்தெழுதலாம்.

இணைத்ததும் எழுத்து கலங்கித் தெரிந்தால், கணினி கிழடாகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் நடுவில் மாட்டிய மலிவான மாற்றிப் பெட்டி!

1977ல் வந்த ஆப்பிள் டூ, ஒளியையும் நிறத்தையும் ஒரே கம்பியில் அனுப்பியது. அது அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறை. சிங்கப்பூர்த் தொலைக்காட்சியோ 1974 முதல் பால் முறையில் வண்ணம் காட்டியது. அதனால் அந்தக் கணினி இங்கே கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. இன்றைய மாற்றிகள் இரண்டு முறைகளையும் அறியும். ஆனால் ஆப்பிள் அனுப்பும் முழுப் படத்தைப் பாதிப் படம் என்று எண்ணி, இரண்டை ஒட்டிக் குழப்பிவிடும்.

1987ல் வந்த வி.ஜி.ஏ. கணினியில் நிறங்கள் தனித்தனிக் கம்பியில் வருவதால் படம் தெளிவு. சிக்கல் வேறு. டாஸ் எழுத்துத் திரை 720க்கு 400 புள்ளிகள். சில மாற்றிகள் அதை 640 என்று கணக்கிடுகின்றன. ஒன்பது நெடுவரிசைகள் எட்டுக்குள் நெருக்கப்படும். விளையாட்டில் இது யார் கண்ணிலும் படாது. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்தால் 'பல்' 'பல' ஆகிவிடுமே!

ஆகவே 720க்கு 400 அளவை ஏற்கும், அளவை நாமே திருத்தக்கூடிய மாற்றியாகக் கேட்டு வாங்க வேண்டும். கணினியின் பின்புறம் வி.ஜி.ஏ. துளை இருக்கும்போது மஞ்சள் கம்பியைத் தொட வேண்டியதில்லை. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து கண்ணாடிக்குப் போகும் இணைப்பியின் திசையும் முக்கியம். மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைக்க விற்கும் சாதாரணக் கம்பி எதிர்த்திசையில் வேலை செய்யாது.

பழைய கம்பிகள் கிடைத்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. சிராங்கூன் சாலைக்கு அருகே, ஜாலான் புசாரின் சிம் லிம் டவரில் மின்னணு உதிரிபாகக் கடைகளைக் கேட்டுப் பார்க்கலாம். இணைத்தவுடன் 'பல்', 'பல' என்று தட்டச்சு செய்து பாருங்கள். இரண்டும் வேறுவேறாகத் தெரிந்த பிறகு பழைய கோப்பைத் திறக்கலாம்.