நாலு முறை போன ஓட்டல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ குவாலிட்டி கன்ட்ரோல்ல இருக்கே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசு. ஆனா யாரும் தூங்கக் கூடாது" என்றார். அதனால் தொழிற்சாலையை விட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் நம்ம ஹாஸ்டல் மெஸ். நாலு வருஷமும் சாம்பார் ஒரே மாதிரி. திங்களோ வெள்ளியோ, தீபாவளியோ, அடியில் ஏழு பருப்பு, மேலே ஒரு முருங்கைக்காய்த் துண்டு. எங்கள் பாஷையில் அதற்கு "புராசஸ் கன்ட்ரோலில் இருக்கிறது" என்று பெயர். ருசி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆனால் ஏமாற்றம் கிடையாது. என்ன வரும் என்று தெரிந்துதான் தட்டைத் தூக்கிக்கொண்டு போனோம்.

பெரிய ஓட்டலில் நாம் கூடுதல் பணம் கொடுப்பது ருசிக்கு மட்டும்தானா? மிஷலின் வழிகாட்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். டயர் கம்பெனிக்காரர்கள் 1900இல் ஆரம்பித்த புத்தகம். 1926இலிருந்து உணவகங்களுக்கு நட்சத்திரம் தருகிறார்கள். அவர்கள் பார்க்கும் ஐந்து விஷயங்களில் ஒன்று, எல்லா அயிட்டத்திலும், எப்போது போனாலும் ஒரே தரம் இருக்கிறதா என்பது. ஒரு நாள் பிரமாதமாகச் சமைப்பவர்கள் ஊரில் நிறையப் பேர். நாற்பதாவது நாளும் அப்படியே சமைப்பதற்குத்தான் காசு.

சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டல். பெயர் வேண்டாம். அங்கிருக்கும் தென்னிந்திய உணவகத்துக்கு ஒரே வருஷத்தில் நாலு முறை போனேன். நாலும் நாலு வேறு ஓட்டல் மாதிரி இருந்தது.

முதல் முறை ஜப்பானிலிருந்து வந்த கஸ்டமர்களோடு. கம்பெனி காசு. ஆப்பம் என்றால் அதுதான் ஆப்பம்: ஓரம் சரிகை மாதிரி முறுகல், நடுவில் பஞ்சு. மீன் மொய்லியில் தேங்காய்ப் பால் திரியவில்லை. மிளகுக் கோழியைச் சாப்பிட்ட விருந்தாளி ஒருவர் தண்ணீர் டம்ளரை அடிக்கடி எடுப்பதைப் பார்த்த ஸ்டூவர்ட், யாரும் கேட்காமலே சர்க்கரை போட்ட தேங்காய்ப் பாலை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இப்படி ஒரு சர்வீஸா என்று நானே அசந்து போனேன்.

இரண்டாவது முறை கல்யாண நாள். ஒரு புதன்கிழமை, என் காசு. அதே ஆப்பம் வந்தது. ஓரத்தைத் தொட்டால் ஒடியவில்லை, மடிந்தது. மொய்லியில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. என் மனைவி, "இதுக்கா ஜப்பான்காரங்ககிட்ட அவ்வளவு பெருமை அடிச்சீங்க?" என்றாள். ஸ்டூவர்ட் கேட்காமலே செய்த ஒரே காரியம், இன்னொரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றியது. கடை விலையைவிடப் பல மடங்கு. அப்படி விற்பது தப்பில்லை என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஓட்டலில் நடப்பது வெறும் பாட்டில் விற்பனை அல்ல, இடமும் சேவையும் சேர்ந்தது என்பது அதற்கான காரணம். சரி, சேவைக்குத்தான் காசு என்று சட்டமே சொல்கிறது. அப்படியென்றால் சேவை எங்கே என்று நாம் கேட்கலாம் அல்லவா?

மூன்றாவது முறைதான் நான் சொல்ல வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும். அன்று மத்தியானம் ஒரு கல்யாண வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. 8.30க்கு ஆர்டர் கொடுத்தோம். அப்பா கேப்டனிடம், "எவ்வளவு நேரம் ஆகும் தம்பி? ஊசி போட்டுக்கணும்" என்று தெளிவாகவே கேட்டார். "பதினஞ்சு நிமிஷத்துல டேபிளுக்கு வந்துடும் சார்." 8.35க்கு ஊசி போட்டுக்கொண்டார்.

8.50 ஆயிற்று. 9 ஆயிற்று. கேட்ட மோர்கூட வரவில்லை. இரண்டு முறை கேட்டோம், "இதோ சார்." 9.10க்கு அப்பாவுக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது, கை நடுங்கியது. அம்மா கைப்பையிலிருந்த மீட்டரில் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நான் எழுந்து திரும்புவதற்குள், இரண்டு மேஜை தள்ளி நின்ற ஒரு டிரெய்னிப் பையன் ஓடிப் போய் ஆரஞ்சுச் சாறு ஒரு டம்ளர் கொண்டுவந்துவிட்டான். "அரை டம்ளர் குடிங்க ஐயா, ஐஸ் போடலை. எங்க ஆச்சிக்கும் இப்படித்தான் வரும்" என்றான். கால் மணி கழித்து 84. அப்போதுதான் ஆப்பம் வந்தது. மணி 9.25.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த ஆப்பம் முதல் நாள் சாப்பிட்டதைவிட நன்றாக இருந்தது.

இதற்குள் கேப்டன் வந்து அந்தப் பையனைத்தான் பிடித்தார். "உன் டேபிள் எட்டும் ஒன்பதும்தானே? இங்க உனக்கு என்ன வேலை?" அன்று அந்த ஹாலில் வேலை தெரிந்த ஒரே ஆளுக்கு விழுந்த திட்டு அது.

அப்பா தேறிச் சாப்பிட ஆரம்பித்ததும் நான் ஆப்பம் போடும் இடத்துக்குப் போனேன். ஹாலிலேயே கண்ணாடிக்குப் பின்னால் போடுகிறார்கள். நாலு சட்டி. ஒரு ஆப்பத்துக்கு மூன்று நிமிஷம். அதாவது மணிக்கு 80. ஹாலில் ஏறக்குறைய 90 பேர். ஆளுக்கு இரண்டு என்றால் 180. எல்லோரும் எட்டிலிருந்து எட்டரைக்குள் வந்து உட்காருகிறார்கள். நமக்கு முன்னால் 60 ஆப்பம் காத்திருந்தால், 80ஆல் வகுத்தால், முக்கால் மணி நேரம். 1961இல் ஜான் லிட்டில் என்பவர் முறையாக நிரூபித்த வரிசைக் கணக்கின் சாரம் இவ்வளவுதான். மூன்றாம் வருஷ மாணவர்கள் படித்திருப்பீர்கள், பரீட்சைக்கு. கேப்டன் பொய் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையில் பதினைந்து நிமிஷம்தான் ஆகும். ஞாயிற்றுக்கிழமையும் அதே வாய்ப்பாட்டைச் சொன்னார். அவர் நிற்கும் இடத்திலிருந்து அந்த வரிசை தெரியாது. அந்த ஹாலில் இன்னும் பத்து ஸ்டூவர்ட்களை நிறுத்தினாலும் ஆப்பம் ஒரு நிமிஷம் முன்னால் வராது. பத்துப் பேர் வந்து "இதோ சார்" என்று சொல்வார்கள், அவ்வளவுதான்.

சட்டிக்காரரிடம் புதன்கிழமைக் கதையையும் கேட்டேன். "அன்னைக்கு நான் லீவு சார். தோசை மாஸ்டரை நிறுத்தியிருந்தாங்க" என்றார். பாருங்கள், இரண்டும் குறைதான், ஆனால் ஜாதி வேறு. 1924இல் வால்டர் ஷூஹார்ட் கன்ட்ரோல் சார்ட் போட்டது இதைப் பிரித்துப் பார்க்கத்தான். புதன்கிழமைக்கு ஒரு தனிக் காரணம் உண்டு, ஆளைப் பிடித்துக் காட்டலாம், இன்னொருவருக்குப் பழக்கிவிட்டால் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் அது நடக்கும், யார் நின்றாலும் நடக்கும். குறைகளில் 94 சதவீதம் அமைப்பைச் சேர்ந்தவை, அவற்றைச் சரி செய்வது நிர்வாகத்தின் வேலை என்று டெமிங் தம் அனுபவத்திலிருந்து கணக்குச் சொன்னார். 94ஆ 90ஆ என்று நான் சண்டை போடத் தயாரில்லை. ஆனால் எங்கள் லைனில் ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் முதலில் கேட்கும் கேள்வி இன்றும், "மெஷின்ல யாருய்யா நின்னது?" என்பதுதான். அங்கே கேப்டன் கேட்டதும் அதுவேதான்.

பில் வந்தது. சாப்பாட்டு விலைக்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம். அதற்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. 18. சாதாரண ஓட்டலில் 5 சதவீதம்தான், அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேலுள்ள ஓட்டல் என்பதால் 18. வரி கட்டியே ஆக வேண்டும். சர்வீஸ் சார்ஜ் அப்படியல்ல. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நான் அதை எடுக்கச் சொன்னேன், எடுத்தார்கள். "இதுல உனக்கு ஏதாவது வருமா தம்பி?" என்று அந்தப் பையனைக் கேட்டேன். "டிரெய்னிக்குக் கிடையாது சார்" என்றான். கையில் கொடுத்தோம். முதலில் வாங்கவில்லை, அம்மா அதட்டிய பிறகு வாங்கிக்கொண்டான். எந்தக் கல்லூரி என்றும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஓட்டலுக்கு ஒரு கடிதம். கோபமாக எழுதினால் மன்னிப்புத்தான் வரும் என்று தெரியும். அதனால் நேரங்களை மட்டும் எழுதினேன்: 8.30, 8.35, 9.10, 9.25. சட்டிக் கணக்கையும் எழுதினேன். இரண்டு கோரிக்கைகள். ஒன்று, எத்தனை ஆப்பம் நிலுவையில் இருக்கிறது என்பது ஆர்டர் எடுப்பவருக்குத் தெரிய ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு, அந்தப் பையனைத் திட்டாதீர்கள். பத்து நாளில் பதில் வந்தது. 2,000 ரூபாய்க்கு ஒரு கூப்பன். கூடவே, "சம்பந்தப்பட்ட ஊழியருக்குத் தக்க அறிவுரை வழங்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. எந்த ஊழியர்? போன் செய்து விசாரித்தால், டிரெய்னியை ரெஸ்டாரண்டிலிருந்து பாங்க்வெட் பக்கம் மாற்றிவிட்டார்களாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இருக்கலாம். நான் அவன் கல்லூரி முதல்வருக்கு, நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அதற்கு ஒரு வாரத்தில் பதில் வந்தது. கடிதத்தை அவனுடைய பிளேஸ்மென்ட் பைலில் சேர்த்திருக்கிறார்களாம்.

நாலாவது முறை, கூப்பன் வீணாகக் கூடாது என்று ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனேன். பன்னிரண்டே நிமிஷத்தில் ஆப்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பையனின் பயிற்சிக் காலம் முடிந்து போய்விட்டிருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் அதே நாலு சட்டி. மாஸ்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு வெளியே வந்தார். "ஞாயித்துக்கிழமை வர்றதா இருந்தா எனக்கு ஒரு போன் அடிச்சிடுங்க சார். உங்க டேபிளுக்கு முதல்ல போட்டுக் குடுத்துடறேன்" என்றார். நல்ல மனசு. அப்படிச் செய்தால் மணிக்கு 80 என்பது 80ஆகவேதான் இருக்கும். வேறு யாரோ ஒருவருடைய அப்பா இன்னும் கொஞ்சம் காத்திருப்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் டாக்டரிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார். "அடுத்த தடவை தட்டு மேஜைக்கு வந்தப்புறம் ஊசி போட்டுக்கறேன்டா. அந்த ஆப்பத்தை விடறதுக்கில்லை" என்றார்.