நூலிழை ரம்பம்



1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்று ஒருவர் இருந்தார். வரைபடங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடுவது அவர் தொழில். அவர் ஐரோப்பிய வரைபடம் ஒன்றை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டித் துண்டு துண்டாக அறுத்து விற்றார். பிள்ளைகள் அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்துப் பூகோளம் கற்றுக்கொள்ளலாம். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் பிள்ளைகளும் இப்படி அறுத்த வரைபடங்களை வைத்துப் பாடம் படித்தவர்கள்தான். இன்று கடைகளில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் ஜிக்ஸா புதிர்களுக்கு முன்னோடி அந்த மர வரைபடம்.

அதே வேலையை வீட்டு மேசையில் வைத்துச் செய்ய உதவும் இயந்திரம்தான் ஸ்க்ரோல் ஸா. 5 அங்குல நீளம், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலம்; அவ்வளவுதான் அதன் பிளேடு. இயந்திரத்தின் இரண்டு கைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டப்பட்டு, மேலும் கீழுமாக முக்கால் அங்குல அளவுக்கு ஓடும். வேகத்தை நிமிடத்துக்கு 400 முதல் 1,600 ஓட்டம் வரை கூட்டிக் குறைக்கலாம். ரம்பம் இருந்த இடத்தை விட்டு நகராது. மரத்தைத்தான் மேசைமேல் திருப்பித் திருப்பி நகர்த்த வேண்டும்.

தையல் இயந்திரம் மிதித்தவர்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடும். ஊசி நின்ற இடத்தில் நிற்க, துணியை வளைத்துக் கொடுப்பது போலத்தான் இதுவும். அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1909-ல் மற்ற விளையாட்டுப் பொருட்களை நிறுத்திவிட்டு மரப் புதிர் தயாரிப்பில் மட்டுமே இறங்கியபோது, ரம்பத்தில் உட்கார்ந்தவர்கள் பெண்களே. மரவேலை ஆண்களுக்கானது என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

1930-களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவில் வேலை பறிபோன பலர் வீட்டிலேயே மரப் புதிர்களை அறுத்து, விற்றும் வாடகைக்கு விட்டும் பிழைத்தார்கள். இந்தக் கலை நமக்கும் அந்நியமல்ல. மைசூரின் ஈட்டி மரப் பதிப்பு வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பல நிற மரங்களிலிருந்து யானையும் மரமும் மயிலுமாக உருவங்களை மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுத்து, ஈட்டிப் பலகையில் குழி தோண்டிப் பதிக்கிறார்கள். மைசூர் அரண்மனைக்குப் போகிறவர்கள், தந்தம் பதித்த ஈட்டி மரக் கதவின் முன் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர் எங்கே தடுமாறுவார்? பெரும்பாலும் பிளேடில்தான். நல்ல இயந்திரம் வாங்கிவிட்டால் வேலை தானாக வரும் என்று பணத்தை அங்கே கொட்டுகிறார்கள். பிளேடை மட்டும் பெட்டியோடு வந்ததையே மாட்டி ஓட்டுகிறார்கள். இது தலைகீழான கணக்கு.

பிளேடுகளுக்கு எண் உண்டு. எண் ஏற ஏறப் பல்லும் தடிமனும் பெரிதாகும். 3 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 2 அல்லது 3. 6 மில்லிமீட்டருக்கு 5. முக்கால் அங்குலக் கெட்டி மரத்துக்கு 7 அல்லது 9. எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பல்லாவது மரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய கைகள் சொல்லும் கணக்கு. மாட்டும்போது பல் கீழ்நோக்கி இருக்கட்டும். பிறகு இறுக்கம். மாட்டிய பிளேடை விரலால் சுண்டினால் 'டிங்' என்று கணீரென ஒலிக்க வேண்டும். மந்தமாக முனகினால் இன்னும் தளர்வாக இருக்கிறது என்று பொருள். தளர்ந்த பிளேடு வளைவில் வயிறு தள்ளி, அறுத்த ஓரத்தைச் சாய்த்துவிடும்.

இன்னொரு சங்கதியும் பலரைக் குழப்பும். கோடு நேராகத்தான் இருக்கிறது, மரத்தையும் நேராகத்தான் தள்ளுகிறோம், ஆனாலும் வெட்டு ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. கையைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தகட்டிலிருந்து பல் வெட்டித் தயாரிக்கும்போது பிளேடின் ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய பிசிறு தங்கிவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கும். மரத்தைச் சற்றே கோணலாகப் பிடித்துத் தள்ளினால் வெட்டு நேராகிவிடும். சில பலகைகளை வீணாக்கிய பிறகு கை தானாகவே அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

முதல் வேலைக்குத் தேக்கு வேண்டாம். தச்சுப் பட்டறையில் மிஞ்சும் 6 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு போதும். பலகைமேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன்மேல் படம் வரைந்த தாளைப் பசையால் ஒட்டினால், வேலை முடிந்ததும் தாள் சுத்தமாக உரிந்து வந்துவிடும். கெட்டி மரமானால் தாளின் மேல் பார்சல் ஒட்டும் டேப்பையும் போட்டுக்கொள்ளலாம். வெட்டின் ஓரம் கருகுவது குறையும். உள்ளே ஓட்டை விழும் படமாக இருந்தால், முதலில் டிரில்லால் சிறு துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றித் துளை வழியே நுழைத்து மறுபடி மாட்டி அறுக்க வேண்டும். உள்வெட்டுகளை எல்லாம் முடித்த பிறகே வெளிக்கோட்டுக்கு வரலாம். வெளிப்பக்கத்தை முதலில் அறுத்துவிட்டால், பிடித்துக்கொள்ள மரமே மிச்சம் இருக்காது.

பிளேடு சீக்கிரம் மழுங்கும். கெட்டி மரத்தில் அரை மணி நேரம்கூட வராமல் போகலாம். அழுத்தித் தள்ளினால்தான் நகர்கிறது என்றாகிவிட்டால் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். மழுங்கிய பிளேடை மிச்சம் பிடிக்கிறவர் மரத்தை இழப்பார். அதனால் டஜன் கணக்கில் வாங்கி வைப்பதே சிக்கனம்.

மற்ற மின் ரம்பங்களோடு பார்க்கும்போது இது சாது. ஆனாலும் சாதுதானே என்று விரலைப் பிளேடுக்கு நேர் முன்னால் வைக்கக் கூடாது. மரத்தை மேசையோடு அழுத்திப் பிடிக்காவிட்டால் அது பிளேடோடு சேர்ந்து குதித்துத் தடதடக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். தொங்கும் துப்பட்டா, சங்கிலி, தளர்ந்த சட்டைக் கை ஆகாது. பலர் அலட்சியப்படுத்துவது தூசியைத்தான். பிளைவுட்டிலும் எம்.டி.எஃப். பலகையிலும் பிசின் கலந்திருப்பதால், அந்த நுண்தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, சன்னல் திறந்த அறையில் உட்காருங்கள்.

எதை முதலில் அறுப்பது என்று கேட்கும் நேயர்களுக்கு ஸ்பில்ஸ்பரியின் வழியே நல்ல வழி. தமிழ்நாட்டு வரைபடத்தை ஒட்டி, மாவட்ட எல்லைகளில் அறுத்துப் பாருங்கள். கடற்கரையின் நெளிவு வளைவுப் பயிற்சி தரும். உள்மாவட்டங்களின் மூலை முடுக்குகள் திருப்பப் பழக்கும். இயந்திரம் வாங்க இப்போது வசதியில்லையா? ப வடிவச் சட்டத்தில் பிளேடைக் கட்டிய கைரம்பம் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். முதலில் அதை வாங்கி ஒரு வரைபடத்தை முடியுங்கள். பொழுது போனதே தெரியவில்லை என்று தோன்றினால், இயந்திரத்தைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.