பயிர்களின் பஞ்சாங்கம்

ஒளியின்றிப் பயிரில்லை என்பது பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த உண்மை. வேர் உறிஞ்சிய நீரையும், இலை உட்கொண்ட காபனீரொட்சைட்டு வாயுவையும் சேர்த்து, சூரிய ஒளியின் துணைகொண்டு வெல்லமும் மாப்பொருளும் ஆக்குவது பச்சிலையின் தொழில். மரநிழலில் நட்ட மிளகாய்க் கன்று நெட்டையாக வளர்ந்து காய் குறைந்து நிற்பதும், இருட்டறையில் முளைத்த உருளைக்கிழங்கின் தளிர் வெளிறி நீளுவதும் ஒளிப் பஞ்சத்தின் அடையாளங்களாம். ஆயினும், ஒளி பயிருக்கு உணவு தரும் பொருள் மாத்திரமன்று. எக்காலத்தில் இலை விடவேண்டும், எக்காலத்திற் பூக்கவேண்டும் என்று அதற்கு அறிவிக்கும் பஞ்சாங்கமும் அதுவே.

பயிருக்குப் பருவம் எவ்வாறு தெரிகின்றது? மழை ஓராண்டு முந்தும், ஓராண்டு பிந்தும். வெப்பமும் ஆண்டுக்காண்டு வேறுபடும். ஆனால், ஓரிடத்திற் குறித்த ஒரு நாளின் பகல் எத்துணை நீளமோ, அடுத்த ஆண்டிலும் அதே நாளின் பகல் அத்துணை நீளமே. மாறாத இக்கணக்கையே பல பயிர்கள் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டுள்ளன.

இவ்வுண்மை வெளியானது ஒரு புகையிலைச் செடியினால். அமெரிக்காவின் வாசிங்டன் நகருக்கு அண்மையில், ஆர்லிங்டன் என்னும் இடத்திலிருந்த அரசாங்கப் பரிசோதனைப் பண்ணையில், கார்னர், அலாட் என்னும் இரு விஞ்ஞானிகள் பணியாற்றினர். மேரிலாந்து மாமத் என்ற புகையிலையினம் அங்கே கோடை முழுவதும் ஆளுயரத்துக்கு மேல் ஓங்கி வளர்ந்ததேயன்றிப் பூக்கவில்லை. அதே இனம் மாரிக்காலத்திற் கண்ணாடி வீட்டினுள் சிறு செடியாக இருக்கும்போதே பூத்தது. வெப்பமும் மண்ணின் சத்தும் இதற்குத் தகுந்த விளக்கம் தரவில்லை. எஞ்சியது பகலின் நீளம் ஒன்றே. 1918ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சில செடிகளை மாலை நான்கு மணிக்கு ஓர் இருட்டுக் கொட்டிலினுள் வைத்து, மறுநாட் காலை ஒன்பது மணிக்கு வெளியே எடுத்தனர். இவ்வாறு நாள்தோறும் ஏழு மணித்தியால ஒளியை மாத்திரம் பெற்ற செடிகள் நடுக்கோடையிலேயே பூத்தன. வெளியில் நின்ற அவற்றின் இனத்தவையோ பூவின்றி வளர்ந்துகொண்டிருந்தன. 1920இல் இருவரும் தம் முடிவுகளை வெளியிட்டனர்.

அன்றுமுதல் பயிர்கள் மூவகையாகப் பகுக்கப்படலாயின. பகல் குறுகும் காலத்திற் பூப்பவை குறும்பகற் பயிர்கள். செவ்வந்தியும் சோயா அவரையும் பழைய நெல்லினங்கள் பலவும் இவ்வகையின. பகல் நீளும் காலத்திற் பூப்பவை நெடும்பகற் பயிர்கள். கோதுமையும் பார்லியும் இவற்றுட் சேரும். பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாதவை மூன்றாம் வகை; தக்காளி இதற்கு உதாரணம்.

ஆனால், பயிர் உண்மையில் அளப்பது பகலையா, இரவையா? மருளூமத்தைச் செடியைக் கொண்டு ஹாம்னர், பொனர் என்போர் செய்து 1938இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தந்தது. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கொளி பட்டாலும் அச்செடி பூக்க மறுத்தது. பகலின் நடுவே சிறிது நேரம் இருளில் வைத்தபோதோ அத்தகைய தடை ஏற்படவில்லை. ஆகவே, குறும்பகற் பயிர் என்பது தடையற்ற நீண்ட இரவை வேண்டும் பயிர் என்றே கொள்ளத்தக்கது. இவ்வொளியை உணர்வது இலையிலுள்ள பைற்றோகுரோம் என்னும் நிறப்பொருள். இலை உணர்ந்த செய்தி தண்டின் நுனிக்குச் சென்று பூவரும்பைத் தோற்றுவிக்கின்றது. நெற்பயிரில் இச்செய்தியைச் சுமந்து செல்வது ஒரு புரதமே என 2007இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் காட்டினர்.

பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாயிருக்கும் வெப்ப நாடுகளில் இக்கணக்கு எவ்வாறு பொருந்தும் என்று நேயர்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்குமிடையே உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்டதே. ஆயினும் நெல்லுக்கு அதுவே போதும். பூமத்திய ரேகைக்கு மிக அண்மையிலுள்ள மலாக்காவில் அவ்வேறுபாடு ஏறக்குறைய 14 நிமிடங்கள் மாத்திரமே. அங்கே சயாம் 29 என்ற நெல்லினத்தை ஜனவரியில் விதைத்தபோது அது பூக்க 329 நாட்கள் எடுத்தது; செப்டெம்பரில் விதைத்தபோது 161 நாட்களே எடுத்தது. 1959இல் வெளிவந்த இந்த முடிவு, கால்மணி நேரத்துக்கும் குறைந்த வேறுபாட்டை நெற்பயிர் உணர்ந்துகொள்கின்றது என்பதை உலகுக்குக் காட்டிற்று.

முன்னோர் பருவந்தவறாது விதைக்கவேண்டுமென்று வற்புறுத்தியதன் காரணம் இங்கே ஓரளவு புலனாகின்றது. வட இலங்கையிற் காலபோக நெல் ஆவணி, புரட்டாதியில் விதைக்கப்பட்டு, தை, மாசியில் அறுவடையாவது வழக்கம். பகல்நீளத்தை உணரும் நெல்லினத்தைச் சிலர் முந்தியும் சிலர் பிந்தியும் விதைத்தாலும், அது பகல் குறுகும் காலத்தை எதிர்நோக்கிக் கதிர்விடும். விதைப்பிலிருந்த இடைவெளி கதிர் முற்றும்போது சுருங்கிவிடும். வயல்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் விளைவதால், பறவைகளாலும் பூச்சிகளாலும் வரும் சேதம் ஒருவன் வயலிலேயே குவியாமற் பரந்துவிடும். மழை ஓய்ந்தபின் அரிவு வெட்டும் வாய்ப்பும் மிகும். ஆனால், பருவத்தை முற்றாகத் தவறவிட்டவனுக்கு அத்தகைய நெல் நெடுங்காலம் பச்சையாய் நின்று வைக்கோலையே மிகுதியாகத் தரும்.

1966இல் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ. ஆர். 8 என்னும் குட்டையினத்தை வெளியிட்டது. பகல்நீளத்தைப் பெரிதும் பொருட்படுத்தாமல், விதைத்த நாளிலிருந்து எண்ணி ஏறக்குறைய நான்கு மாதங்களில் விளையும் இனம் அது. இலங்கையில் இன்று பயிராகும் புதிய இனங்களும் பெரும்பாலும் இத்தன்மையினவே. காலபோகம், சிறுபோகம் என்னும் இரு போகங்களிலும் ஒரே இனத்தை விதைக்கக்கூடிய வசதி இதனால் உண்டாயிற்று, விளைவும் பெருகிற்று. ஆனால், ஒரு பொறுப்பு பயிரிடமிருந்து கமக்காரனின் கைக்கு மாறியுள்ளது. மூன்றரை மாத நெல்லை அவசரப்பட்டு முந்தி விதைத்தால், அது மழை ஓயும்வரை காத்திராது. பெருமழையிலே பூத்து மகரந்தம் சிதைந்து பதராகலாம். முற்றிய கதிர் வெள்ளத்தில் வீழ்ந்து முளைக்கலாம். முன்பு பயிர் பார்த்த பஞ்சாங்கத்தை இன்று கமக்காரன் பார்க்கவேண்டியிருக்கின்றது. அறுவடை எக்காலத்தில் அமையவேண்டுமென்று முதலில் தீர்மானித்து, இனத்தின் வயதைப் பின்னோக்கி எண்ணி, விதைக்கும் நாளைக் குறிப்பதே ஏற்ற வழி.

பழைய இனங்களை மீண்டும் பயிரிட விரும்புவோர் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. வயலோரத் தெருவிளக்கு இரவு முழுவதும் எரியுமாயின், அதன் ஒளி வீழும் இடத்து நெல் கதிர்விடப் பிந்தக்கூடும். சுற்றிலும் பொன்னிறமாய் விளைந்த வயலில், விளக்கின் கீழ் மாத்திரம் பச்சையாய் நிற்கும் பயிரைக் கண்டால், அதனை நோயென்றோ, உரக்குறைவென்றோ எண்ணி மருந்துக்கும் உரத்துக்கும் பணம் செலவிடுமுன், தலைக்கு மேலுள்ள விளக்கை நிமிர்ந்து பார்த்தல் நன்று. அவ்விளக்கு வயலின் பக்கம் ஒளி வீசாதவாறு மறைப்பு இடுவித்தால், பயிருக்கு உரிய இரவு மீண்டும் கிடைக்கும்.