மூல நட்சத்திரமும் வான மேகங்களும்

(ராஜபாளையத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இன்று நாம் பேச வந்த விஷயம் மேகங்களைப் பற்றியது. மழை மேகமல்ல, நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகம். இதனால் நமக்கென்ன என்பீர்களானால், "பெண் மூலம் நிர்மூலம்" என்று எத்தனை பெண்களை நம் ஊர்களில் ஒதுக்குகிறார்கள் என்று யோசியுங்கள். அந்த மூலத்தின் பக்கம் என்னதான் இருக்கிறதென்று பார்க்க வேண்டாமா?

மூலம் என்பது தேளின் வால்போல் தெரியும் நட்சத்திரங்கள். அவை சில நூறு ஒளி ஆண்டு தூரத்தில் உள்ளவை. ஏறக்குறைய அதே திசையில் 26,000 ஒளி ஆண்டு போனால், நம் சூரியனும் சேர்ந்த பால்வழி மண்டலத்தின் மத்தி வரும். அங்கே குளிர்ந்த ஹைட்ரஜன் மேகங்கள் நெருக்கமாய்க் குவிந்துள்ளன. குளிர்ந்த ஹைட்ரஜன் தானாக ஒளி காட்டாது. 1970-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மூவர், அதனோடு கலந்துள்ள கார்பன் மானாக்சைடு அனுப்பும் 2.6 மில்லிமீட்டர் ரேடியோ அலையை வானத்தில் கண்டார்கள். அதைக் கொண்டுதான் இம்மேகங்களின் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறார்கள்.

மத்திக்கு வெளியே, இம்மேகங்கள் பெரும்பாலும் சுருள் கைகளிலேயே திரளுகின்றன. ஏன்? நம் மேற்கு மலையைப் பாருங்கள். ஆனி ஆடியில் உச்சியில் மேகம் அசையாது நிற்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் காற்று ஓடிக்கொண்டேயிருக்கிறது. ஏறும் பக்கம் குளிர்ந்து மேகமாகி, இறங்கும் பக்கம் கரைகிறது. சுருள் கையும் பல மண்டலங்களில் அப்படியே. வாயு அங்கே வந்து நெருக்குண்டு, மேகமாகி, நட்சத்திரங்களைப் பெற்றுவிட்டுக் கலைகிறது. 90 மண்டலங்களைச் சிலி தேசத்திலிருந்து ஆராய்ந்து, சுமார் 1,00,000 மேகங்களைக் கண்டு 2021-ல் வெளியிட்டார்கள். ஒரு மேகத்தின் ஆயுள் 1 முதல் 3 கோடி வருஷமே என்கிறார்கள்.

இதில் மாமனாருக்குக் கேடு எங்கே இருக்கிறது? சந்திரன் 27 நாளுக்கொரு முறை மூலத்தண்டை வருகிறது. ஆகவே உலகில் ஏறக்குறைய 27 பெண்களில் ஒருத்தி மூலத்தில் பிறந்தவளே. ஜாதகமே அறியாத சீமையில் மட்டும் அவர்களின் மாமனார்கள் எப்படிப் பிழைத்திருக்கிறார்கள்? அன்றியும், ஒரு பெண் பிறந்த அன்று இங்கு வந்து சேர்ந்த மூலத்தின் ஒளி, அவளுடைய கொள்ளுப்பாட்டன் பிறக்கும் முன்பே புறப்பட்டதல்லவா? அது யாரைத் தேடி வந்ததாம்?

தோழர்களே! நாம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஆடி இரவில் வானம் தெளிந்திருந்தால், தெற்கே தேளின் வாலையும், அதையடுத்துப் பால்வழியில் தெரியும் இருண்ட திட்டுகளையும் நீங்களே பாருங்கள். பார்த்தபின், மூலமென்று ஒதுக்கப்பட்ட ஒரு பெண் உங்கள் தெருவில் இருந்தால், உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கேளுங்கள்.