ஒற்றைச் சக்கரமா, இரட்டைச் சக்கரமா?

(தஞ்சோங் மாலிம் கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



நம் தோட்டத்துக்குப் புதிய வண்டி வரப்போகிறது. பின்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரமுள்ள பிக்கப்பா, இரண்டு சக்கரமுள்ள சிறிய லாரியா என்று நிர்வாகம் நம் கருத்தைக் கேட்டிருக்கிறது. "சக்கரம் எத்தனையானால் நமக்கென்ன? சம்பளத்தைப் பேசுங்கள்" என்றார் ஒரு தோழர். அந்த வண்டியில் கட்டிப்பாலும் உரமும் மட்டுமா போகின்றன? அவசரத்துக்கு நாமும்தானே ஏறிக்கொள்கிறோம்! ஆகவே இது உயிர்ப் பிரச்சினை.

இரட்டைச் சக்கரம் பளு தாங்கும் என்பது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். டயரின் பக்கத்தில் 121/118 என்று இருந்தால், அது தனியாக ஓடும்போது 1,450 கிலோவும், ஜோடியாக ஓடும்போது 1,320 கிலோவும் தாங்கும் என்று பொருள். ஜோடியில் சுமை சரிபாதியாகப் பிரிவதில்லை என்பதால் அளவைக் குறைத்திருக்கிறார்கள். ஒற்றையானால் பின்பக்கம் 2,900 கிலோ; இரட்டையானால் 5,280 கிலோ.

இனி ஆபத்தைச் சொல்கிறேன். முழுப் பளுவில் ஒரு பக்கத்து ஜோடி 2,640 கிலோ தாங்குகிறது. உள் டயரில் காற்று இறங்கிவிட்டால் அவ்வளவும் வெளி டயரின் தலையில் விழும். அதன் சக்தியோ 1,450 கிலோதான். டயர் சூடேறும், வெடிக்கும்.

முன்பு நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் இதுவே நடந்தது. உள் டயர் இறங்கிக் கிடந்தது. வெளியே நின்று பார்த்தால் தெரியவில்லை. மலைக்காட்டு இறக்கத்தில் வெளி டயர் வெடித்து, லாரி கானில் சரிந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த இருவருக்குக் கை முறிந்தது. அன்றைய பளுவைப் புத்தகத்தில் எழுதியவன் நான். அளவு மீறியது என்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்றும் என்னை விட்டபாடில்லை.

ஒற்றைச் சக்கரத்துக்கும் நன்மைகள் உண்டு. சேற்றில் முன் சக்கரம் போட்ட தடத்திலேயே பின் சக்கரமும் போகும். இரு டயர்களுக்கு நடுவே கல் சிக்கும் தொல்லை இல்லை. ஆறு டயருக்குப் பதில் நான்கு வாங்கினால் போதும். ஆனால் டயர் வெடித்தால் தாங்கிக்கொள்ளத் துணை டயர் கிடையாது. பிக்கப்பில் லாரிப் பளுவை ஏற்றுவது தற்கொலைக்குச் சமம்.

2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் லாரியுடன் மோதிய விபத்தில் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் மாண்டார்களே, மறந்துவிட்டோமா? சித்ரா பௌர்ணமி விழாவுக்குக் காவல் நின்று திரும்பியவர்கள் அவர்கள். லாரியின் ஸ்டீயரிங் பழுதுபட்டிருந்ததும், பளு அளவு மீறியிருந்ததும் விசாரணையில் வெளிவந்தன.

எனவே என் யோசனை இது. கட்டிப்பாலும் உரமும் ஏற்ற இரட்டைச் சக்கர லாரியே வேண்டும். அதனுடன் நான்கு நிபந்தனைகளும் வேண்டும். ஒன்று, தினமும் காலையில் வண்டி கிளம்பும் முன் உள் டயர் உட்பட எல்லா டயர்களையும் காற்றுமானி வைத்துப் பார்க்க வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. இரண்டு, ஜோடி டயர்கள் ஒரே அளவாக, ஒரே அளவு தேய்ந்தவையாக இருக்க வேண்டும். புதியதையும் பழையதையும் சேர்த்தால் உயரமான டயரே பளுவைச் சுமக்கும். மூன்று, டயர் எவ்வளவு தாங்கினாலும், லாரிக் கதவில் பி.டி.எம். என்று எழுதியுள்ள எடையே எல்லை. நான்கு, பளுவின் மேல் ஆள் ஏறக் கூடாது; ஆட்களுக்கு இருக்கையுள்ள வண்டி தனியே வேண்டும்.

தோழர்களே! கார் டயரைவிட லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம். ஓட்டத்தில் குறைவாகச் சூடேறுவது அதன் குணம். விடியலில் நீங்கள் சீவும் பால் உலகத்தின் பளுவையே தாங்குகிறது. அந்தப் பாலை எடுத்தவரின் உயிரைக் காக்க ஒரு காற்றுமானிக்குப் பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கிராணி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அளவு மீறினால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குத் துணையாகச் சங்கம் நிற்கும். ஜோடியில் ஒன்று இறங்கும்போது மற்றது சத்தமில்லாமல் சுமந்தால், முடிவில் இரண்டும் போகும். இது டயருக்கு மட்டும் பொருந்துவதல்ல.