கல்லும் கொடியும் கூறும் சாட்சி
(தண்ணீரூற்றுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



நம்மூர் மாணவி ஒருவர் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத்துறையிலே பட்டமேற்படிப்பை மேற்கொண்டுள்ளார். கொடியும் சிலையும் நினைவுக்கல்லும் ஒரு மக்களின் தேசிய உணர்வை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதே அவர்தம் ஆய்வு. "படம் பார்ப்பதும் ஒரு படிப்பா?" என்று சிலர் வினவுகின்றனர். அவர்களுக்கு நாம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு கல்லை நாட்டினர். 1803 ஒக்டோபர் 31 இல் பண்டாரவன்னியனைத் தங்கள் கப்டன் வொன் டிரிபேர்க் அவ்விடத்தருகே தோற்கடித்தான் எனத் தம் மொழியிலே அதிற் பொறித்தனர். அதே ஆண்டு ஓகஸ்ட் 25 இல் அவ்வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலப் படையை விரட்டினானே, அதனை அக்கல் கூறிற்றா? இல்லை! வென்றவன் நாட்டிய கல் வென்றவனுக்கே சாட்சி சொல்லும்.

கல்லுக்குப் பொருந்துவது கொடிக்கும் பொருந்தும். சுதந்திர இலங்கையின் தேசியக் கொடியை வகுக்க 1948 இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. வாளேந்திய சிங்கம் தன் கட்டத்துள் நின்றது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அக்கட்டத்துக்கு வெளியே இரண்டு கோடுகள் கிடைத்தன. குழுவில் இருந்த செனற்றர் நடேசன், சட்டம் கற்றவர், அதற்கு இணங்க மறுத்தார். ஆயினும் 1951 மார்ச் 2 இல் பாராளுமன்றம் அக்கொடியை ஏற்றது. அரசியலமைப்பில் எழுதப்படுமுன்பே, யார் உள்ளே, யார் வெளியே என்பது துணியிலே தீட்டப்பட்டுவிட்டது!

நீதிமன்றத்திலே ஓர் உறுதி முன்வைக்கப்பட்டால், எழுதியவர் யார், எதற்காக எழுதினார், எதனை விடுத்தார் என்று கேட்கிறோம். கல்லையும் கொடியையும் அவ்வாறே குறுக்கு விசாரணை செய்தல் வேண்டும். நம்முடையவற்றையும் விட்டுவிடலாகாது. பண்டாரவன்னியன் தோற்றான் என்றே அக்கல் கூறிற்று. மாண்டான் என்று கூறவில்லை. எனினும் அந்நாளையே அவன் வீரமரணமடைந்த நாளாக நம்மவர் நெடுங்காலம் நினைவுகூர்ந்தனர். பகைவன் கல்லை நாமே பிழையாகப் படித்தோம். உணர்ச்சி மிகுந்து ஆராய்ச்சி குன்றினால், நம் வழக்கு நம் வாயாலேயே கெடும்.

ஆகவே பெரியோர்களே, அம்மாணவி உங்கள் வாயிலுக்கு வரும்போது, பெட்டியிற் கிடக்கும் பழைய உறுதிகளையும் ஏடுகளையும் படங்களையும் எடுத்துக் காட்டுங்கள். குளங்களின் பெயர்க் காரணங்களைச் சொல்லுங்கள். நம் வரலாற்றை நாம் சான்றோடு எழுதாவிடில், பிறர் நாட்டும் கல்லே நமக்கு வரலாறாகும்.